நோவில்லாமல் வளரும் நோய்
நாட்பட்ட ஈரல் அழற்சி: காரணங்களும் ஆபத்துக்களும்

செங்கமாரி என்றால் என்னவென்று எமது கிராமத்து மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் மஞ்சளாகும். சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போகும். சோற்றைக் கண்டாலே குமட்டும். 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இந்நோய் பரவியபோது அதனை நேரில் கண்டவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். அன்று படுத்தவர்களுள் பெரும்பாலானோர் சில வாரங்களில் எழுந்துவிட்டனர். ஆகவே, 'ஈரல் வருத்தம் என்றால் கண் மஞ்சளாகும். பத்தியம் காத்தால் மாறிவிடும்' என்ற எண்ணம் எம்மிடம் ஊறிப்போய்விட்டது.

இந்தப் பாடத்தில் நாம் படிக்க இருப்பது வேறொரு ஈரல் வருத்தம். அது கண்ணை மஞ்சளாக்காமலே வரும். நோவில்லாமலே பத்து, இருபது ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கும். வெளியே தெரியவரும்போது பெரும்பாலும் காலம் பிந்தியிருக்கும்.

இரண்டு குடும்பங்கள்

நாம் பணிசெய்யும் பகுதியில் அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்களே இதனை எழுதத் தூண்டின.

இளைஞர் ஒருவர் கோவில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தார். சில வாரங்களின் பின், வந்து காணும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அவருடைய இரத்தத்தில் 'பி' வகை ஈரல் அழற்சிக் கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கோ ஒரு தலையிடிகூட இல்லை. செய்தி எப்படியோ அயலில் கசிந்தது. பொதுக் கிணற்றில் அவருடைய வீட்டாருக்குத் தனி வாளி வைத்தார்கள். தங்கைக்குப் பேசியிருந்த கலியாணமும் குழம்பியது.

மற்றவர் நாற்பத்தாறு வயதுக் கமக்காரர். மூன்று முறை இடம்பெயர்ந்தவர். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறருடைய தோட்டத்தில் கூலிக்குக் கொத்தியவர். பொழுதுபட்டால், 'உடம்பு அலுப்புக்கு' என்று கசிப்புக் குடிப்பார். ஓர் இரவு வாயால் இரத்தம் இரத்தமாகச் சத்தியெடுத்தார். மூன்றாம் நாள் அவரை அடக்கஞ் செய்தோம். அவருடைய மனைவி எம்மிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கின்றது: "சுவாமி, ஒரு நாளாவது ஈரல் நோகுதெண்டு இந்த மனிசன் சொல்லேல்லையே?"

அவருடைய கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஈரல் ஏன் நோவதில்லை?

ஈரல் எமது வலப்பக்க விலா எலும்புகளின் கீழே இருக்கின்றது. வளர்ந்த ஒருவரில் அதன் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாம் உண்ணும் உணவின் சத்து குடலிலிருந்து இரத்தத்தோடு முதலில் ஈரலுக்கே வருகின்றது. ஈரல் அதில் வேண்டியதைச் சேமித்து, நஞ்சை முறித்து, மீதியை உடலுக்கு அனுப்புகின்றது. பித்தநீரைச் சுரப்பதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும் ஈரலே.

ஈரலின் உட்சதையில் நோவை உணரும் நரம்புகள் இல்லை. அதனை மூடியுள்ள மெல்லிய உறையில் மாத்திரமே உண்டு. ஈரல் சடுதியாக வீங்கி உறை இழுபட்டால் பாரமும் நோவும் தெரியும். உள்ளே சிறிது சிறிதாகப் பழுதடைந்தால் எதுவும் தெரியாது. மேலும், ஈரல் பெரும் பொறுமைசாலி. அதில் ஒரு பகுதி கெட்டாலும் மீதிப் பகுதி முழு வேலையையும் இழுத்துச் செய்யும். சத்திர சிகிச்சையில் பாதிக்கு மேல் வெட்டி அகற்றினாலும், மீதி நல்ல ஈரலாயின் மீண்டும் வளர்ந்துவிடும். இது இறைவன் அதற்கு அளித்த வரம். ஆனால் அந்தப் பொறுமையே நோயை எமக்கு மறைத்தும் விடுகின்றது. அந்த மனிதருக்கு ஈரல் நோகாதது அது நன்றாக இருந்தபடியால் அல்ல. அதற்கு முறையிட வாயில்லாதபடியால் ஆகும்.

கிருமியாலோ நஞ்சாலோ ஈரலின் நுண்ணிய கலங்கள் தாக்கப்படும்போது அங்கே வீக்கமும் எரிவும் உண்டாகின்றன. இதுவே ஈரல் அழற்சி. அது ஆறு மாதங்களுக்குள் மாறினால் குறுங்கால அழற்சி. ஆறு மாதங்களையும் கடந்து நின்றால் நாட்பட்ட அழற்சி என வைத்தியர்கள் கூறுவர்.

காரணங்கள்

1. வைரசுக் கிருமிகள்

ஈரலைத் தாக்கும் வைரசுகளுள் ஐந்து முக்கியமானவை. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்துக்களால் பெயரிட்டுள்ளனர்.

'ஏ', 'ஈ' என்பன மலத்தால் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. முகாம்களில் நாம் கண்ட செங்கமாரி இவ்வகையினது. 'ஏ' நாட்படுவதில்லை. 'ஈ' உடலின் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களில் அன்றி நாட்படுவதில்லை. ஆனால் கர்ப்பிணித் தாய்மாருக்கு அது உயிராபத்தானது.

நாட்படுபவை 'பி', 'சி' என்பனவாகும். 'டி' தனித்து வாழாது. 'பி' உள்ளவரையே தொற்றி அவருடைய நோயைக் கடுமையாக்கும்.

'பி' கிருமியின் அடையாளத்தை 1960களில் அமெரிக்க மருத்துவ அறிஞர் பரூக் புளும்பேர்க் கண்டுபிடித்தார். அதற்காக 1976 இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த யூலை 28 ஆம் நாளே இன்று உலக ஈரல் அழற்சி நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. 'சி' கிருமி 1989 இல் இனங்காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022 இல் 25 கோடியே 40 இலட்சம் பேர் நாட்பட்ட 'பி' தொற்றுடனும், 5 கோடிப் பேர் 'சி' தொற்றுடனும் வாழ்ந்தனர். அவ்வாண்டில் வைரசு ஈரல் அழற்சியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 13 இலட்சம். எமது நாட்டில் 'பி', 'சி' இரண்டும் ஒப்பளவில் குறைவே. ஆயினும் இல்லை என்று சொல்ல முடியாது.

'பி' கிருமி இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகின்றது. உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாட்கள் வரை உயிரோடிருக்கும். பலர் பாவித்த ஊசி, சவர அலகு, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி என்பன அதனைக் காவும். 'சி' பெரும்பாலும் இரத்தத்தாலேயே பரவுகின்றது.

'பி' எந்த வயதில் தொற்றுகின்றது என்பது மிக முக்கியம். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூறு பேரில் ஐந்துக்கும் குறைவானோருக்கே நாட்படும். மற்றையோரின் உடல் கிருமியை வென்றுவிடும். பிறக்கும்போதே குழந்தைக்குத் தொற்றினால் நூறில் தொண்ணூறு குழந்தைகளுக்கு நாட்படும். நாம் குறிப்பிட்ட இளைஞருக்கும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றியிருக்கக்கூடும். அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கதைத்தவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

2. மதுசாரம்

கசிப்பு, சாராயம், கள்ளு, பியர் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மதுசாரந்தான். அதனை முறிக்கும் வேலை ஈரலுக்கே உரியது. நாளாந்தம் நிறையக் குடிப்பவர்களில் ஏறத்தாழ எல்லோருடைய ஈரலிலும் கொழுப்புப் படிகின்றது. பலருக்கு அது அழற்சியாக மாறும். பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு ஈரல் இறுகிப்போகும். நன்றாகச் சாப்பிடாமல் குடிப்பவர்க்கும், 'பி' அல்லது 'சி' தொற்று உள்ளவர்க்கும் ஆபத்து இன்னும் விரைவாக வரும். கசிப்பில் வேறொரு கேடும் உண்டு: அதில் எதனைக் கலந்து வடித்தார்கள் என்பது குடிப்பவருக்குத் தெரியாது.

இடம்பெயர்வின் துயரம் குடிக்குக் காரணமாகின்றது என்பதை நாம் அறிவோம். காணி இழந்தவன், பிள்ளையை இழந்தவன், வேலையின்றிப் பகலைக் கழிப்பவன் மறதியைத் தேடுகின்றான். அவனைத் திட்டித் திருத்த முடியாது. ஆனால் அவன் தேடும் மறதிக்கு அவனுடைய ஈரலும், பின்னர் அவனுடைய மனைவி பிள்ளைகளும் விலை கொடுக்கின்றனர் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

3. கொழுப்பீரல்

குடியாதவருக்கும் ஈரலில் கொழுப்புப் படியலாம். நீரிழிவு, மிதமிஞ்சிய உடற்பருமன், சீனி கூடிய உணவு, உடலுழைப்புக் குறைவு என்பன இதற்குக் காரணம். றாகமப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கொழுப்பீரல் இருப்பது கண்டறியப்பட்டது. ஒரு காலத்தில் வயலில் நாள் முழுதும் உழைத்தவர்கள் இன்று காணியின்றி இருந்தபடியே, கோதுமை மாவும் சீனித் தேநீருமாக நாளைப் போக்குகின்றனர். ஆகவே இது பட்டணத்தாரின் நோய் மட்டுமன்று.

4. மருந்துகள்

பனடோல் என நாம் அழைக்கும் பரசிற்றமோல் அளவோடு எடுத்தால் நல்ல மருந்து. வளர்ந்த ஒருவர் 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. குடிப்பவர்களும், உடல் மெலிந்தவர்களும், ஈரல் நோயாளரும் அதனிலும் குறைவாக, வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஒரே தடவையில் அளவுமீறி எடுத்தால் சில நாட்களில் ஈரல் செயலிழக்கும். காசநோய் மருந்துகளும் சிலருக்கு ஈரல் அழற்சியை உண்டாக்கலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கண் மஞ்சளானால், சத்தி வந்தால், அன்றே சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

5. பூஞ்சணம்

இது கமக்காரராகிய எமக்குரிய விடயம். 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் ஈரல் கெட்டு இறந்தன. அவற்றின் தீனியில் சேர்த்திருந்த கச்சான் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்திருந்தமை பின்னர் தெரியவந்தது. அப்பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளரொக்சின் என்று பெயர். கச்சான், சோளம், செத்தல் மிளகாய், கொப்பரா என்பன ஈரத்தோடு கட்டிவைக்கப்பட்டால் இது உண்டாகும். நெடுங்காலம் சிறிது சிறிதாக உண்டால் ஈரற் புற்றுநோயை வருவிக்கும். 'பி' தொற்று உள்ளவருக்கு இந்த ஆபத்துப் பன்மடங்காகும். சாதாரண சமையல் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. படங்குக் கொட்டிலில், மண் தரையில் உரப்பையோடு தானியத்தைப் போட்டுவைக்கும் எமது இன்றைய நிலையில் இதனை அலட்சியம் செய்ய முடியாது.

இவை தவிர, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே தாக்குவதாலும், சில பரம்பரைக் கோளாறுகளாலும் அரிதாக இந்நோய் வரலாம்.

ஆபத்துக்கள்

காயம் ஆறிய இடத்தில் தழும்பு வருவதை நாம் அறிவோம். ஈரலிலும் அவ்வாறே. ஆண்டுக்கணக்காக அழற்சி நீடித்தால் மென்மையான சதை இருந்த இடமெங்கும் தழும்பு நார் படரும். ஈரல் முடிச்சு முடிச்சாகி இறுகிவிடும். இதனையே ஈரல் இறுக்கம் என்கின்றோம். 'சி' கிருமி நாட்பட்டவர்களில் நூறில் 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளுள் இந்நிலை வருகின்றது.

ஈரல் இறுகினால் என்ன நடக்கும்? குளத்து நீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்வது போலக் குடலின் இரத்தம் ஈரலுக்குள் பாய்கின்றது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் நிற்குமா? வரம்பின் பலவீனமான இடத்தைத் தேடிப் பாயும். அவ்வாறே ஈரலுக்குள் போக முடியாத இரத்தம், உணவுக்குழாயின் அடியிலுள்ள சிறிய நாளங்களுக்குள் திரும்பிப் பாய்கின்றது. அவை புடைத்து, மெலிந்து, ஒரு நாள் வெடிக்கின்றன. அந்தக் கமக்காரர் இரத்தமாகச் சத்தியெடுத்தது இதனாலேயே. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை ஆக்க ஈரலுக்கு வலு இல்லாதபடியால் அது இலகுவில் நிற்பதுமில்லை.

மற்றைய ஆபத்துக்கள்: வயிற்றில் நீர் கோர்த்து மகோதரமாகும். கால் வீங்கும். கைகால் தசை உருகும். நஞ்சு முறிக்கப்படாமல் மூளைக்கு ஏறுவதால் இரவில் நித்திரையின்மை, பகலில் தூக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஈற்றில் மயக்கம் வரும். இதனைப் பேய்க்கோளாறு என்று எண்ணிக் காலத்தைப் போக்கியவர்களும் உளர். இறுதியாக, இறுகிய ஈரலில் புற்றுநோய் தோன்றலாம். 'பி' தொற்று உள்ளவர்க்கு ஈரல் இறுகுமுன்னரே அது வரவுங்கூடும்.

இரத்தமாகச் சத்தியெடுத்தல், தார் போன்ற கருமலம், வயிறு வீங்குதல், மயக்கம் இவற்றில் ஒன்றேனும் கண்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கீழ்க்காய்நெல்லி பற்றி

'செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி இருக்கின்றதே' என்று பலர் கேட்கின்றனர். எமது முன்னோரின் மருத்துவ அறிவை நாம் மதிக்கின்றோம். 1988 இல் சென்னையில் நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வொன்று இம்மூலிகை 'பி' கிருமியை அகற்றக்கூடும் என்ற நம்பிக்கையைத் தந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. 'ஏ' வகைச் செங்கமாரி தானாகவே மாறும் நோய். அந்நேரம் எதைக் குடித்தாலும் அதனாலேயே மாறியது போலத் தோன்றும். 'பி', 'சி' அவ்வாறல்ல. மூலிகை குடித்துக் கண் வெளுத்ததும் நோய் போய்விட்டது என்று எண்ணுவதே ஆபத்து. கையில் சூடு வைத்தலும், சோறும் உப்பும் இன்றிப் பட்டினி கிடத்தலும் மெலிந்த உடலை மேலும் மெலியச் செய்யும்.

எவற்றால் தொற்றாது?

ஒரே கிணற்றில் அள்ளுவதால் 'பி', 'சி' தொற்றாது. ஒரே கோப்பையில் உண்பதாலோ, ஒரே பாயில் இருப்பதாலோ, கைகொடுப்பதாலோ, இருமலாலோ தொற்றாது. தாய்ப்பால் கொடுக்கலாம். கலியாணம் செய்யலாம், துணைவர் முன்கூட்டியே பரிசோதித்து 'பி' தடுப்பூசி பெற்றால் போதும். அந்த இளைஞரின் தங்கைக்கு எந்தக் குறையும் இல்லை. தனி வாளி வைத்தவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. ஓர் அயற்குடும்பத்தை இன்னொரு முறை இடம்பெயரச் செய்தார்கள். முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த மக்கள் நாம். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரை வணங்குகின்றோம். எம்மால் இது நடக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை

1. எமது நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்கு 'பி' தடுப்பூசி படிப்படியாக வழங்கப்பட்டு வருகின்றது. இப்போது 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் அதுவும் அடங்கியுள்ளது. இடப்பெயர்வில் அட்டை தொலைந்த பிள்ளைகளின் விபரத்தைக் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

2. கர்ப்பிணித் தாய் தனக்கோ வீட்டாருக்கோ 'பி' இருப்பதை அறிந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்து 24 மணி நேரத்துள் கொடுக்கும் ஊசி பெரும்பாலும் அப்பிள்ளையைக் காப்பாற்றும்.

3. சவர அலகு, பல்துலக்கி, ஊசி என்பவற்றைப் பிறருடன் பகிர வேண்டாம். சலூனில் புதிய அலகு போடும்படி கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

4. வீட்டில் ஒருவருக்கு 'பி' இருந்தால் மற்றவர்களும் பரிசோதிக்க வேண்டும். தொற்று இல்லாதோர் தடுப்பூசி பெறலாம். 'சி'க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இன்றுள்ள மருந்துகளை ஏறத்தாழ மூன்று மாதங்கள் விழுங்கினால் நூறில் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகின்றனர். 'பி' கிருமியை முற்றாக அகற்றுவது அரிது. அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு. மருந்து தேவைப்படாதவரும் வைத்தியர் குறிக்கும் தவணைகளில் தவறாது செல்ல வேண்டும்.

5. குடியை நிறுத்துங்கள். கொழுப்புப் படிந்த நிலையில் நிறுத்தினால் ஈரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். இறுகிய பின் நிறுத்தினாலும் ஆயுள் நீளும். நீண்ட காலம் நிறையக் குடித்தவர் சடுதியாக விட்டால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். ஆகவே வைத்தியரின் உதவியோடு விடுவதே நல்லது.

6. தானியத்தையும் கச்சானையும் நன்கு காயவிட்டு, தரையில் படாமல் பலகை அல்லது கல்லடுக்கின் மேல், காற்றோட்டமாக வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவி உண்ணவும் வேண்டாம்; மாட்டுக்கும் கோழிக்கும் போடவும் வேண்டாம்.

7. இரத்ததானம் செய்யப் பயப்பட வேண்டாம். புதிய ஊசியே பாவிக்கப்படுகின்றது. ஆனால் தொற்று இருக்குமோ என்ற ஐயம் உள்ளவர் அதனை அறிவதற்காக இரத்தம் கொடுக்கக் கூடாது. வைத்தியரிடம் பரிசோதனை கேட்பதே முறை.

சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரம் நோயாளியை மன்றாடவும் சொல்கின்றது. மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் சொல்கின்றது. மருந்தும் இறைவன் மண்ணில் தந்த கொடையே என்பது அதன் போதனை. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்த மனைவியின் கேள்விக்கு எம்மிடம் இப்போது விடை உண்டு. அவருடைய கணவருக்கு அது பயன்படாது. அவருடைய மூத்த மகனுக்கு இன்று பத்தொன்பது வயது. தகப்பன் வேலை செய்த அதே தோட்டத்தில் அவனும் கொத்துகின்றான். பொழுதுபட்டால் அவன் எங்கே போகின்றான் என்பது எம் எல்லோருடைய பொறுப்புமாகும்.

கூடிக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் கசிப்பு எங்கிருந்து வருகின்றது? அதனால் யார் இலாபமடைகின்றனர்? பொழுதுபட்ட பின் எமது இளைஞர் கூடுவதற்கு வேறு இடம் உண்டா?

2. நோயைக் காரணங்காட்டி நாம் எவரையாவது ஒதுக்கி வைத்திருக்கின்றோமா? அவர்களிடம் முதலில் போகக்கூடியவர் யார்?

3. சங்கமாகச் சேர்ந்து, தானியம் வைப்பதற்கு ஈரம்படாத ஒரு பொதுக் களஞ்சியத்தை அமைக்க எம்மால் முடியுமா?

4. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்க்க மருத்துவமாதுவை எப்போது அழைக்கலாம்? இன்றைய கூட்டத்திலேயே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.